26,000 டிபிஐ மவுஸ் வாங்கியும் கர்சர் குதிக்கிறதா? முதலில் டாங்கிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இந்த வாரத்தில் இதே புகாரோடு வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். தரமணிப் பக்கம் ஐடி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறார், இரவானால் வேலரன்ட் என்ற துப்பாக்கி விளையாட்டு. ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய வயர்லெஸ் கேமிங் மவுஸை, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ரிச்சி தெருவில் என் சர்வீஸ் மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணா, சென்சார் போயிடுச்சு. கேம்ல கர்சர் குதிக்குது, ஆபீஸ் வேலைல எக்செல்ல ஒரு செல்லைக்கூடப் பிடிக்க முடியல. பாதி விலைக்குத் தள்ளிட்டு இன்னும் அதிக டிபிஐ இருக்கறதா வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார்.

என் கம்ப்யூட்டரில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். மவுஸில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் டாங்கிள், அதாவது மவுஸோடு வரும் அந்தக் குட்டி யூஎஸ்பி ரிசீவர், எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று கேட்டால், சிபியூவுக்குப் பின்னால் என்கிறார். மேசைக்குக் கீழே, சுவரோரம், இரும்புப் பெட்டிக்குப் பின்பக்கம். அதற்கு அடுத்த போர்ட்டில் என்ன? எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். டிபிஐ எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? "ஃபுல்லா வச்சிருக்கேன் அண்ணா, 26,000."

இதைத்தான் நான் மாசக்கணக்கில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கிறேன். நல்ல பொருளைக் கெட்டது என்று நினைத்துப் பாதி விலைக்கு விற்கிறார்கள், அடுத்து வாங்குவதையும் அதே இடத்தில் செருகி அதே அளவில் வைக்கிறார்கள், அப்புறம் அதுவும் குதிக்கிறது.

முதலில் இந்த டிபிஐ. அது மவுஸின் தரத்துக்கான மதிப்பெண் இல்லை. கையை ஓர் அங்குலம் நகர்த்தினால் மவுஸ் எத்தனை எண்ணிக்கையைக் கணினிக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். உங்கள் திரை 1920 பிக்சல் அகலம், விண்டோஸில் மவுஸ் வேகம் நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 800 டிபிஐயில் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக கை சுமார் இரண்டரை அங்குலம் நகரவேண்டும். 1600 என்றால் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. 26,000 என்றால்? இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஓர் அரிசியின் அகலத்துக்குள் முழுத் திரையும் அடங்கிவிடுகிறது. அந்த அளவில் எக்செல் செல்லைப் பிடிக்க முடியவில்லை என்றால் அது சென்சாரின் தவறா? மனிதக் கையால் அவ்வளவு நுணுக்கமாக அசைக்க முடியாது, விஷயம் அவ்வளவுதான். பெரிய போட்டிகளில் கவுன்டர் ஸ்ட்ரைக், வேலரன்ட் ஆடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் 400, 800, மிஞ்சினால் 1600 வைத்துத்தான் ஆடுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பதும் 25,000-க்கு மேல் போகக்கூடிய மவுஸ்தான், ஆனால் யாரும் அங்கே கொண்டுபோய் வைப்பதில்லை. "குறைந்த டிபிஐ என்றால் மெதுவான மவுஸ்தானே" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இல்லை. கை அதிக தூரம் போகவேண்டும், அதற்குப் பதிலாகக் குறி துல்லியமாக நிற்கும். பெட்டியில் போட்டிருக்கும் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல மவுஸ் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் மவுஸைத் திறந்து பார்க்கிறவன். வெவ்வேறு பிராண்ட், வெவ்வேறு விலை, ஆனால் பலவற்றின் உள்ளே தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் சென்சார்தான் இருக்கும். விலை வித்தியாசம் பெரும்பாலும் ஸ்விட்ச், வீல், பேட்டரி, ஓடு, ரேடியோ இவற்றில் இருக்கிறது. பார்க்க வேண்டியதும் அவற்றைத்தான்.

சரி, டாங்கிள். வயர்லெஸ் மவுஸ் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, 2012-லேயே இன்டெல் நிறுவனம் இதைப் பற்றித் தனி ஆவணமே வெளியிட்டது. ஆனாலும் இன்றுவரை எல்லாரும் டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில்தான் செருகுகிறார்கள். பல கேமிங் மவுஸ் பெட்டியில் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் வருகிறது. அதை எடுத்து டாங்கிளை மேசைமேல், மவுஸுக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும். அந்தத் தம்பியிடமும் அந்த கேபிள் இருந்தது, பெட்டியில், கவர்கூடப் பிரிக்காமல்.

விளையாட்டுக்கும் ஆபீஸுக்கும் ஒரே மவுஸ் என்று வாங்குகிறவர்கள் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் கேட்பது ஒன்று இல்லை. எக்செல்லிலேயே நாள் முழுக்கக் கிடப்பவருக்கு லாஜிடெக் எம்எக்ஸ் மாஸ்டர் 3 மாதிரி ஒன்று சொர்க்கம், அதன் வீலைச் சுழற்றிவிட்டால் ஆயிரம் வரிகள் ஒரே ஓட்டமாக ஓடும். ஆனால் எடை 141 கிராம், நொடிக்கு 125 முறைதான் தன் இருப்பிடத்தைச் சொல்லும், துப்பாக்கி விளையாட்டுக்கு அது சரிப்படாது. மறுபக்கம், இங்கே எல்லாரும் வாங்கும் லாஜிடெக் ஜி304 கேமிங் மவுஸ். ஒரு டபுள் ஏ பேட்டரி, சுமார் 250 மணி நேரம் ஓடும், 99 கிராம், நொடிக்கு 1000 முறை. ஆனால் ப்ளூடூத் கிடையாது, ஆபீஸ் லேப்டாப்புக்கும் வீட்டுக்கும் ஒரே டாங்கிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகவேண்டும். அதனால் இரண்டுக்கும் வேண்டும் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ், ப்ளூடூத் இரண்டும் உள்ளதாகப் பாருங்கள். விளையாட்டு டாங்கிளில், ஆபீஸ் ப்ளூடூத்தில். ப்ளூடூத்தில் கேம் ஆடிவிட்டு லேக், தாமதம் என்று என்னிடம் வராதீர்கள்.

ஆபீஸ் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று சாஃப்ட்வேர். பட்டன், டிபிஐ எல்லாம் மாற்ற கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும், ஆபீஸ் லேப்டாப்பில் அதை ஐடி டீம் நிறுவ விடமாட்டார்கள். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். 2021-ல் ஒரு பிரபல கேமிங் மவுஸைச் செருகினால் தானாக வரும் இன்ஸ்டாலர் வழியாக விண்டோஸின் உச்ச அதிகாரத்தையே கைப்பற்றலாம் என்று ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது, பிறகு அடைத்தார்கள். ஆக, அமைப்புகளை மவுஸுக்குள்ளேயே சேமிக்கும் மெமரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒருமுறை 800, 1600 என்று இரண்டை மட்டும் பதிந்துவிட்டால் போதும், ஆபீஸில் பட்டனைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். கேமுக்கு விண்டோஸ் மவுஸ் அமைப்பில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துவிடுங்கள், கையின் வேகத்துக்கேற்ப கர்சர் போகும் தூரத்தை மாற்றுவது அதுதான்.

கடையில் நின்று கையில் பிடித்துப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினாலும் முதலில் எங்காவது ஒருமுறை பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை முழுக்கப் படியப் பிடிக்கிறவரா, விரல் நுனியால் பிடிக்கிறவரா என்பதைப் பொறுத்து அதே மவுஸ் ஒருவருக்கு அருமை, இன்னொருவருக்கு மாலைக்குள் மணிக்கட்டு வலி. கிளிக் சத்தத்தையும் கேளுங்கள், பக்கத்து சீட்காரருக்கும் காது இருக்கிறது. பழைய மவுஸ் வாங்குகிறீர்களா? இரண்டு பட்டனையும் மெதுவாக நூறு முறை அழுத்துங்கள். ஓர் அழுத்தலுக்கு இரண்டு கிளிக் விழுந்தால் உள்ளே ஸ்விட்ச் தகடு தேய்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள். எனக்கு வரும் நிஜப் பழுதில் இதுதான் அதிகம், ஸ்விட்ச் மாற்றித்தரலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள். அழுத்தலை ஒளியால் உணரும் ஆப்டிகல் ஸ்விட்ச் உள்ளவற்றில் தகடு உரசும் வேலையே இல்லை என்பதால் இந்தத் தொல்லை வராது.

பளபளக்கும் கண்ணாடி மேசைமேல் வைத்து ஓட்டாதீர்கள், ஒரு பேட் வாங்குங்கள். மவுஸில் இருக்கும் வண்ண விளக்கை அணைத்து வையுங்கள், பேட்டரியை முதலில் தின்பது அதுதான். நொடிக்கு 8000 முறை இருப்பிடத்தைச் சொல்லும் வசதி இருந்தால் அதையும் 1000-க்கு இறக்கிவிடுங்கள், சார்ஜ் நின்று நிதானமாக இறங்கும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் டபுள் ஏ பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்து ஸ்பிரிங்கைத் தின்ற மவுஸ்கள் ஒரு டப்பா நிறைய என்னிடம் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சர்வீஸுக்கு வரும்போது டாங்கிளையும் எடுத்து வாருங்கள். தாம்பரத்திலிருந்து ரயிலேறி மவுஸை மட்டும் கொண்டுவந்து, டாங்கிள் வீட்டு சிபியூவிலேயே இருக்கிறது என்று நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. அது அந்த மவுஸோடு ஜோடி சேர்ந்தது, என்னிடம் இருக்கும் வேறொன்றைச் சும்மா செருகினால் பொருந்தாது.