செட்டில்மென்ட் பத்திரத்தில் ஆச்சியின் பராமரிப்பு எங்கே?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் முதியவர்கள் எழுதும் சொத்து ஆவணங்களில், பின்னாளில் அவர்களை அதிகம் வருந்தவைப்பது, உயிரோடிருக்கும்போதே சொத்தை விலையின்றி உறவினருக்கு எழுதிக்கொடுக்கும் தான செட்டில்மென்ட் பத்திரம்தான் என்பது என் தொழில் அனுபவம். மகன்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ, பிள்ளை கூட்டிக்கொண்டவருக்கோ (தத்துப் பிள்ளைக்கோ) வீட்டுப் பங்கையும் நிலத்தையும் தம் காலத்திலேயே எழுதிக்கொடுத்துவிட ஆச்சிமார் (இவ்வட்டார மூத்த பெண்கள்) விரும்புகிறார்கள். விருப்பத்தில் தவறில்லை. ஆனால் எதை எதிர்பார்த்துக் கொடுக்கிறார்களோ, அந்தப் பராமரிப்பைப் பற்றிப் பெரும்பாலான பத்திரங்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை; 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்ற வழக்கமான வாசகத்தோடு முடிந்துவிடுகின்றன.

பத்திரம் பதிவாகி, எழுதி வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டபின் சொத்து கைமாறிவிடுகிறது. கொடுத்தவர் மட்டும் சார்பதிவாளர் அலுவலகம் சென்று ரத்துப் பத்திரம் பதிந்து அதை மீட்டுவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். தேவகோட்டைக் கோட்டாட்சியரை எதிர்மனுதாரராகக் கொண்ட வழக்கிலேயே, 2022 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, மிகக் குறுகிய விதிவிலக்குகள் தவிர அவ்வாறு ஒருதலையாக ரத்து செய்ய இயலாது என்று தீர்ப்பளித்தது.

எஞ்சியிருக்கும் எளிய வழி, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவு. அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு அறுபது வயது நிறைந்தவர் கொடுத்த சொத்தை, வாங்கியவர் அந்த நிபந்தனையை மீறினால், செல்லாது என அறிவிக்கும்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுத்தவர் மனு செய்யலாம். நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் பரந்த நோக்கில் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறித் தாய்க்குச் சொத்தைத் திருப்பித் தந்தது. இரண்டில் எது தம் வழக்குக்குப் பொருந்தும் என்ற வாதத்தில் எண்பது வயதில் ஒருவர் ஏன் சிக்க வேண்டும்? பத்திரத்திலேயே எழுதிவிட்டால் அந்த வாதத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை.

'பெத்த பிள்ளைகிட்ட கண்டிசன் போடுறதா தம்பி?' என்று கேட்காத ஆச்சி அரிது. திருமணத்துக்கு இசைகுடிமானம் என்ற ஒப்பந்த ஓலை எழுதி, சீர் சாமான்களை ஒன்று விடாமல் பட்டியலிட்டு, ஒரே வீட்டில் இருந்தாலும் மணமான மகனை வேறு வைத்துத் தனிக்கணக்கு நடத்திய ஊர் இது. உறவில் கணக்கு எழுதுவதை அவமதிப்பாகக் கருதாத மரபு, முதுமைக்கு மட்டும் கூச்சப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த நிபந்தனை பொதுப்படையாக இருந்தாலும் பயனில்லை. எந்த வீட்டில் குடியிருப்பது, மருத்துவச் செலவு யாருடையது, துணைக்கு ஆள் வைத்தால் சம்பளம் யார் தருவது என்பவை தெளிவாக இருக்க வேண்டும். 'என் காலம் வரை விற்கக் கூடாது' என்ற வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். விற்பதற்கு முழுத்தடை விதிக்கும் நிபந்தனையைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. ஆயுட்கால அனுபவ பாத்தியத்தை, அதாவது உயிருள்ளவரை சொத்தை அனுபவிக்கும் உரிமையை, தம்மிடமே நிறுத்திக்கொள்வது அதைவிட உறுதியானது. ஜீவனாம்சம் தனியாகக் கேட்டாலும், 2007-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதால், இரவு பகல் துணை தேவைப்படும் ஒருவருக்கு அது போதாது.

இங்குள்ள வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. முகப்பு முதல் கடைசிக் கட்டு வரை பல புள்ளிகளுக்கு, அதாவது மணமாகித் தனிக்கணக்கு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, பொதுவான வீட்டில், தலைமுறைகளாகப் புழங்கும் அறையைத் தம்முடையதென்றே குறிப்பிட்டு எழுதுகிறார்கள். பாகப்பிரிவினை நடக்காத வரை அவரிடம் இருப்பது பிரிவினையாகாத பங்கு மட்டுமே. அறைக்கு நாற்சீமை (நான்கு பக்க எல்லை) எழுதினால் பங்காளிகளில் யாரும் வழக்காடலாம்.

இவ்வளவும் யோசித்தபின், பலருக்கு உயிலே போதுமானது என்பது என் கருத்து. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவது நல்லது. சாட்சிகள் எழுதியவரைவிட இளையவர்களாகவும், கூப்பிட்டால் நீதிமன்றத்துக்கு வரக்கூடிய உள்ளூர்க்காரர்களாகவும், உயிலால் பயன்பெறாதவர்களாகவும் இருக்கட்டும். முதுமையில் எழுதும்போது மனத்தெளிவு குறித்த மருத்துவர் சான்றையும் சேர்த்து வைப்பது பின்னர் உதவும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கிவைக்கும், பெற்றோர் சார்பில் செயல்பட உரிமை தரும் பொது அதிகாரப் பத்திரம் குறித்தும் சொல்ல வேண்டும். எழுதியவர் இறந்தால் மட்டுமல்ல, மறதி நோய் முற்றிச் சித்தத் தெளிவை இழந்தாலும் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. அதாவது, எந்தக் கட்டத்துக்காக எழுதினார்களோ அந்தக் கட்டத்தில் அது பயன்படாது. அதன்பின் வங்கிக் கணக்கை இயக்கவோ நிலத்தை விற்றுச் சிகிச்சை பார்க்கவோ உயர் நீதிமன்றத்தை அணுகிக் காப்பாளர் நியமனம் பெற வேண்டியிருக்கும். ஆகவே, அப்பச்சி (அப்பா) பெயர்களை மறக்கத் தொடங்கும் முன்பே, வைப்புத்தொகையை 'இருவரில் ஒருவர்' இயக்கும் கூட்டுக் கணக்காக்குவதையும் உயிலையும் முடித்துவிடுங்கள்.