விதைநெல் மூட்டை ஏன் சுடுகிறது?

பத்தாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "செடிகள் பகலில் ஆக்சிஜனும் இரவில் கார்பன் டை ஆக்சைடும் விடுகின்றன என்கிறார்கள். அப்படியானால் அவை இரவில் மட்டும்தான் சுவாசிக்குமா?"

செடி எந்நேரமும் சுவாசிக்கிறது. வேர், தண்டு, இலை, பூ எங்கும் உயிருள்ள செல்கள் அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. வெயிலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் அதிகம் என்பதால், சுவாசத்தில் வரும் கார்பன் டை ஆக்சைடை இலையே எடுத்துக்கொண்டுவிடுகிறது. நமக்கு ஆக்சிஜன் வருவது மட்டும் தெரிகிறது. இருட்டில் செடிகள் காற்றைக் கெடுக்கின்றன என்று டச்சு விஞ்ஞானி இங்கன்ஹவுஸ் 1779இலேயே எழுதிவிட்டார்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒளிச்சேர்க்கை குறுக்கிடாமல் இருக்க, இன்னும் பச்சை பிடிக்காத செடி வேண்டும். முளைகட்டிய பச்சைப்பயறு போதும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரைச் சிறு கிண்ணத்தில் எடுத்து, பயறோடு ஒரு பாட்டிலில் வைத்து மூடுங்கள். பயறு விடும் கார்பன் டை ஆக்சைடு பட்டு, சில மணி நேரத்தில் நீர் வெளுத்து ஆடை படியும். பக்கத்தில் பயறு இல்லாத பாட்டில் ஒன்றும் இருக்கட்டும். சாதாரணக் காற்றிலும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு உண்டு.

எனக்குப் பிடித்த சோதனை இதற்கு அடுத்தது. டெல்டா விவசாயிகளுக்கு இது புதிதாக இருக்காது. ஊறிய விதைநெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி வைத்தால், மறுநாள் மூட்டைக்குள் விட்ட கை சுடும். சூடு மிஞ்சினால் முளை கெட்டுவிடும் என்று தண்ணீர் தெளிப்பார்கள். அந்தச் சூட்டை அளக்க இரண்டு பிளாஸ்க் போதும். ஒன்றில் முளைப்பயறு, மற்றதில் வேகவைத்து ஆறவிட்ட பயறு. இரண்டின் வாயையும் பஞ்சால் அடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியைச் செருகுங்கள். இறுக மூடக் கூடாது, பயறுக்கு ஆக்சிஜன் வேண்டும்.

நான் முதல்முறை செய்தபோது மூன்றாம் நாள் வெந்த பயறும் சூடேறியது. செத்த விதை எப்படிச் சுவாசிக்கும் என்று குழம்பிப்போனேன். பஞ்சை எடுத்ததும் வந்த நாற்றம் பதில் சொன்னது: பயறைத் தின்ற பாக்டீரியாவும் பூஞ்சையும்தான் சுவாசித்திருக்கின்றன. அப்புறம் இரண்டு பயறையும் நீர்த்த பிளீச்சிங் கரைசலில் அலசிவிட்டுச் செய்தேன். உயிருள்ள பயறு மட்டும் சூடேறியது. விதை, சுண்ணாம்பு, பிளாஸ்க் என்று சில நூறு ரூபாயில் முடியும் இந்தச் சோதனையைப் பல பள்ளிகளில் படமாக மட்டும் வரைய வைக்கிறார்கள். பள்ளி ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் செலவு இப்படிப்பட்டவற்றுக்கே போக வேண்டும் என்பேன்.

சூடு எங்கிருந்து வருகிறது? சுவாசத்தில் சர்க்கரையிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள், செல்லின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கைமாறிக் கைமாறி ஆக்சிஜனைச் சேர்கின்றன. இந்தக் கைமாற்றங்களில் கிடைக்கும் ஆற்றலால் புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கம் தள்ளப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுற்றுவதுபோல, அவை ஒரு நொதியின் வழியே திரும்பிப் பாயும்போது, செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது. அந்த நொதி உண்மையாகவே சுழல்கிறது! சர்க்கரையின் ஆற்றலில் பாதிக்கும் குறைவுதான் ஏடிபியில் சேர்கிறது. மீதி வெப்பம்.

இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பார்கள். இப்போது அதையே "மரம் விடும் கார்பன் டை ஆக்சைடு ஆளைக் கொன்றுவிடும், முன்னோர்கள் அறிந்திருந்தார்கள்" என்று மாற்றிச் சொல்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். படுத்திருக்கும் மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு இரவில் விடுவது ஓரிரு மில்லிலிட்டர். பெரிய மரம் சில ஆட்கள் அளவுக்கு விடலாம், ஆனால் திறந்தவெளியில் அது காற்றோடு கலந்துவிடும். படுக்கையறையில் வைத்த பூந்தொட்டியைவிடப் பக்கத்தில் தூங்குபவர் பல மடங்கு அதிகம் விடுகிறார். பேய்க் கதைக்கு அறிவியல் சட்டை மாட்டுவதை நான் ஏற்கவில்லை.

சூட்டை வேண்டுமென்றே உண்டாக்கும் பூவும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் தாமரையை அளந்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். வெளியே 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினாலும் பூவுக்குள் 30 டிகிரிக்குமேல் இருந்தது. முக்கியமான அடுப்பு, நடுவிலிருக்கும் பொகுட்டு. அங்கே எலக்ட்ரான்கள் ஒரு குறுக்குவழியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்த வழியில் புரோட்டான்கள் தள்ளப்படுவதில்லை; ஏடிபிக்குப் போக வேண்டிய ஆற்றலும் வெப்பமாகிறது. குளிரக் குளிரப் பெரும்பாலான செடிகளின் சுவாசம் மந்தமாகும். தாமரைப் பூவோ, குளிரக் குளிர வேகமாகச் சுவாசித்துத் தன் சூட்டைக் காத்துக்கொள்கிறது.