லாஸ்ட் ரைட்ஸ் என்றால் இறுதிச் சடங்கு அல்ல

2025 செப்டம்பரில் ‘தி கான்ஜூரிங்: லாஸ்ட் ரைட்ஸ்’ திரைக்கு வந்தது. 2013இல் தொடங்கிய பேய்ப்பட வரிசையில் வந்த படம் அது. கிளைப் படங்களையும் சேர்த்தால் இது ஒன்பதாவது. பேய் நடமாட்டங்களை ஆராய்ந்த எட், லொரெய்ன் வாரன் தம்பதியை நடுவில் வைத்த படங்களில் நான்காவது. படம் எப்படி என்பது இங்கே பேச்சல்ல. தலைப்பை விளக்குகிறேன் என்று வந்தவர்கள் எல்லாரும் ‘அதாவது, இறுதிச் சடங்கு’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு விமர்சனத்தில் படித்தபோது பிழை என்று நினைத்தேன். நான்கைந்து காணொளிகளிலும் அதையே கேட்ட பிறகு, பிழை வழக்காகிக்கொண்டிருப்பது புரிந்தது. ஒரு தானியங்கி வசன வரியில் ‘கடைசி உரிமைகள்’ என்று வந்தது. அதையாவது மன்னித்துவிடலாம், ஆங்கிலத்தில் சடங்கும் ‘ரைட்’, உரிமையும் ‘ரைட்’, இயந்திரத்துக்கு இரண்டும் ஒரே ஒலி.

பிணத்துக்குச் செய்வது இறுதிச் சடங்கு. லாஸ்ட் ரைட்ஸ் உயிரோடு இருப்பவருக்குக் கொடுப்பது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாவு கிடக்கிறது.

சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ரைட்’ என்பது ‘ரீத்துஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முறைப்படி செய்யும் சமயச் செயல் என்று பொருள். ‘லாஸ்ட் ரைட்ஸ்’ என்று பன்மையில் சொல்லும்போது, கத்தோலிக்க வழக்கில், சாகும் தறுவாயில் இருப்பவருக்குக் குரு, அதாவது பாதிரியார், வந்து நிறைவேற்றும் மூன்று செயல்களைக் குறிக்கும். பாவங்களைக் கேட்டு மன்னிப்பு வழங்குவது, மந்திரித்த எண்ணெய் பூசுவது, கடைசி முறையாக நற்கருணை என்னும் புனித அப்பத்தைக் கொடுப்பது. இவற்றில் எண்ணெய் பூசுவதற்கு ஆதாரம் விவிலியத்தில் யாக்கோபு எழுதிய மடல், ஐந்தாம் அதிகாரம்: உங்களில் ஒருவர் நோயுற்றால் சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் அவருக்கு எண்ணெய் பூசி வேண்டட்டும் என்கிறது. பழைய முறையில் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஐம்புலன் வழிகளில் எல்லாம் பூசினார்கள். இப்போது நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் மட்டும். குருவானவரும் ஆயரும் (பிஷப்) தவிர வேறு யாரும் இதைச் செய்ய முடியாது. வாரன் தம்பதி பொதுநிலையினர், குருப்பட்டம் பெறாதவர்கள். திரையில் எத்தனை பேய்களை எதிர்கொண்டாலும் இந்த எண்ணெய்ச் சிமிழைத் தொட அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

நம் சிக்கலுக்கு மிக முக்கியமான விதி இன்னொன்று. இறந்துபோனவருக்கு இதைக் கொடுக்கக்கூடாது. குரு வந்து சேருவதற்குள் உயிர் போய்விட்டது உறுதியானால் அவர் எண்ணெய் பூசுவதில்லை, இறந்தவருக்காக மன்றாடுவார். ஆக, இறுதிச் சடங்கு தொடங்கும் இடத்தில் லாஸ்ட் ரைட்ஸ் முடிந்துபோயிருக்கும். ஒன்றைச் சொல்ல மற்றொன்றின் பெயரை எடுப்பது ‘நேற்று’ என்பதற்கு ‘நாளை’ என்று எழுதுவது போலத்தான்.

இதை எடுத்துச் சொன்னால் உடனே வரும் பதில்: லாஸ்ட் என்றால் இறுதி, ரைட் என்றால் சடங்கு, கூட்டினால் என்ன தவறு? கூட்டல் சரி, விடைதான் தவறு. தொகைச்சொல் ஒன்று வழக்கில் ஊறிய பிறகு அதன் உறுப்புகளைப் பிரித்துப் பொருள் பார்க்க முடியாது. விடுதியில் தங்கிய முதல் நாளைப் பற்றி எழுதும்போது ‘முதலிரவு’ என்று போட்டுப் பாருங்கள். முதல்தான், இரவுதான், ஆனால் வாசகர் வேறெங்கோ போய்விடுவார். ‘இறுதிச் சடங்கு’ தமிழ்ச் செய்தித்தாள்களில் அடக்கத்துக்கும் தகனத்துக்கும் முடிந்து வைத்த சொல். ‘அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு’ என்று படித்தவர் யாரும் அவர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பதில்லை.

குழப்பத்தின் ஊற்று எங்கே என்றும் சொல்லிவிட வேண்டும். பழியை முழுவதும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் நெடுங்காலமாக ‘லாஸ்ட் ரைட்ஸ்’ என்பதைத் தகனம் என்ற பொருளில் எழுதி வருகின்றன. வடமொழியில் ‘அந்த்யேஷ்டி’ என்று ஒரு சொல் இருக்கிறது: அந்த்ய, கடைசி, இஷ்டி, வேள்வி. அதற்கு ஆங்கிலம் தேடியபோது இந்தச் சொல் கைக்கு வாகாக அகப்பட்டிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ‘அந்தியேட்டி’ என்று இறந்த முப்பத்தொன்றாம் நாள் கிரியையைச் சொல்வது இதே வடசொல்லின் தமிழ் வடிவம். எனவே இந்திய ஆங்கிலத்தில் அந்தப் பொருள் செல்லும். ஆனால் 1986இல் பென்சில்வேனியாவில் ஸ்மர்ல் என்ற கத்தோலிக்கக் குடும்பத்தின் வீட்டில் நடப்பதாகச் சொல்லும் படத்தின் தலைப்பை நம் ஊர் ஆங்கிலத்தின் கண்ணாடி போட்டுப் படிப்பது எப்படி முறையாகும்? சொல் எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டில் விசாரிக்க வேண்டும்.

சிலர் வேறு வாதம் வைக்கிறார்கள். இது வாரன் தம்பதியின் கடைசிக் கதை என்று விளம்பரப்படுத்தப்பட்ட படம், தொடருக்கே இறுதிச் சடங்கு செய்கிறார்கள், அந்தச் சிலேடை பொருத்தம்தானே என்று. சிலேடை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தலைப்பில் இருக்கும் சிலேடை புதைப்பதைப் பற்றியது அல்ல, விடைபெறத் தயாராவதைப் பற்றியது. உயிர் இருக்கிறது, நேரம் குறைவு, குருவைக் கூப்பிடுங்கள் என்ற பதற்றம் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. பேய்ப்படத்துக்கு அந்தப் பதற்றம்தான் மூலதனம். ‘இறுதிச் சடங்கு’ என்றவுடன் எல்லாம் முடிந்து பந்தலைப் பிரிக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? புதிதாக எதையும் அடித்து வார்க்க வேண்டியதில்லை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஏழு அருட்சாதனங்களையும், அதாவது திருச்சபையின் ஏழு புனிதச் சடங்குகளையும், தலைமுறை தலைமுறையாகத் தமிழில்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பழைய ஞானோபதேச (மறைக்கல்வி) பட்டியலில் ஐந்தாவதாக வருவது ‘அவஸ்தைப்பூசுதல்’. அவஸ்தை என்பது வடமொழி ‘அவஸ்தா’, நிலை என்று பொருள். சைவ சித்தாந்தத்தில் நனவு, கனவு, உறக்கம் முதலான ஐந்து நிலைகளை ‘அவத்தை’ என்பார்கள். தமிழில் அது துன்ப நிலைக்கு இறங்கியது. கிறிஸ்தவ வழக்கில் மரண வேதனை என்று கூர்மையானது. சொல்லின் பிறப்பு எதுவானாலும் அது சுட்டும் இடம் துல்லியமானது: உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட அந்த நேரம். என்ன செய்வது, பிறகு அந்தச் சொல்லே தேய்ந்துபோய்விட்டது. இன்று போக்குவரத்து நெரிசலும் அவஸ்தை, செருப்புக் கடித்தாலும் அவஸ்தை. இப்போது ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று வசன வரியில் போட்டால் அரங்கில் சிரிப்பு எழும்.

திருச்சபையும் பெயரை மாற்றிவிட்டது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, ‘கடைசிப் பூசுதல்’ என்ற பொருள்படும் பழைய லத்தீன் பெயரைவிட ‘நோயாளிகளுக்குப் பூசுதல்’ என்பதே பொருத்தம் என்றது. சாகப்போகிறவருக்கு மட்டுமே உரியது அல்ல என்றும் விளக்கியது. 1972இல் சடங்கு முறையும் திருத்தப்பட்டது. தமிழில் ‘நோயில் பூசுதல்’ வந்தது அதன் பின்விளைவு. அழகான, நேரான பெயர். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் இதைக் கொடுக்கலாம் என்பதை அது மறைக்காமல் சொல்கிறது. ஆனால் படத்தலைப்புக்கு உதவாது. ‘லாஸ்ட்’ காணாமல் போகிறது, சிலேடையும் கூடவே போகிறது.

மூன்றாவது செயலான கடைசி நற்கருணைக்கு லத்தீனில் ‘வியாத்திகும்’ என்று பெயர். ‘வியா’ என்றால் வழி. பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு என்று பொருள். தமிழில் ‘வழியுணவு’ என்கிறார்கள். ஆனால் நமக்கு அதைவிடப் பழைய சொற்கள் உண்டு. பழமொழி நானூறு ‘ஆற்றுணா’ என்கிறது: ஆறு, வழி, உணா, உணவு. கற்றவனுக்கு எந்த நாடும் சொந்த நாடு, ஆற்றுணா வேண்டியதில்லை என்பது பாட்டு. நாலடியார் இன்னும் நெருங்கி வருகிறது. ஆள் பார்த்துத் திரியும் இரக்கமற்ற கூற்று ஒன்று இருப்பதால், ‘தோட்கோப்பு’, அதாவது தோளில் மாட்டிக்கொள்ளும் கட்டுச்சோற்றை, காலத்தோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. சமண நூலின் கட்டுச்சோறு அறம், கத்தோலிக்கரின் கட்டுச்சோறு நற்கருணை. சாவை நெடுவழியாகவும், அதற்கு உணவு வேண்டும் என்றும் நினைத்தது இரண்டுக்கும் பொது. இப்படி ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலும் பாடையும் நினைவுக்கு வரும் சொல்லைத் தேடிப் போகிறோம்.

இது ஒரு தலைப்போடு நிற்கும் நோய் அல்ல. இந்த வகைப் படங்களின் தமிழ் வடிவத்தில் டீமன் என்பதற்கு ‘ஆவி’, ‘பேய்’, ‘ஆத்மா’ என்று வாய்க்கு வந்தது வருகிறது. கத்தோலிக்க நம்பிக்கைப்படி டீமன் செத்தவரின் ஆவியே அல்ல. அது ஒருநாளும் மனிதனாக இருந்ததில்லை, வீழ்ந்த வானதூதன். கத்தோலிக்கத் தமிழில் அதற்குப் பழைய பெயர் ‘பசாசு’. இன்றைய விவிலிய மொழிபெயர்ப்பில் சாத்தானுக்கு ‘அலகை’ என்று பெயர். வையத்து அலகையா வைக்கப்படும் என்ற குறளில் இருக்கும் அதே அலகை. ஆவிக்கும் அலகைக்கும் வேறுபாடு தெரியாமல் எழுதிய வசனத்தில், ‘இது மனித ஆவி இல்லை’ என்று லொரெய்ன் நடுங்கிச் சொல்லும் இடம் வந்தால், பார்ப்பவருக்கு நடுங்குவதற்குக் காரணம் கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் ‘மாஸ்’ எனப்படும் திருப்பலி வழிபாட்டைப் ‘பூசை’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். அங்கே சிரிக்கக்கூடாது, தமிழ்க் கத்தோலிக்கர்கள் பூசை என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள், வயதானவர்கள் இன்றும் சொல்கிறார்கள். முதல் முறை நற்கருணை வாங்குவதற்குப் ‘புதுநன்மை’ என்று பெயர். எந்த அகராதியைப் புரட்டினால் இது தோன்றும்? அக்கம்பக்கத்தில் ஒரு கத்தோலிக்கரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும்.

என் தேர்வு ‘கடைசிப் பூசுதல்’. திருச்சபை கைவிட்ட பழைய லத்தீன் பெயருக்கு நேர். ‘கடைசி’ இருப்பதால் தொடரின் விடைபெறலும் தொனிக்கிறது. சாவு நடந்துவிட்டதாகச் சொல்லவில்லை. மூன்று செயல்களில் ஒன்றைத்தானே சொல்கிறது என்றால், ஆம், பகுதியைச் சொல்லி முழுமையை உணர்த்துவது தமிழுக்குப் புதிதல்ல. மூன்றையும் குறித்தே தீர வேண்டிய கட்டுரைகளில் ‘இறுதி அருட்சாதனங்கள்’ என்று எழுதலாம், நீளம்தான் ஒரே குறை. கத்தோலிக்கர் அல்லாத வாசகர் ‘பூசுதலா, எதைப் பூசுவது?’ என்று கேட்பார் என்கிறார்கள். கேட்கட்டும். எண்ணெய் என்று சொன்னால் தீர்ந்தது. ‘இறுதிச் சடங்கு’ என்று எழுதினால் அவர் எதையும் கேட்கமாட்டார். புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, குரு அறைக்குள் நுழைந்ததும் ‘ஆள் செத்துவிட்டாரா?’ என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார்.