மவுண்ட்: ஏற்றுவதா, பொருத்துவதா?

மவுண்ட், வினைச்சொல். ஒரு பென்டிரைவிலோ வன்வட்டிலோ இருக்கும் கோப்பு முறைமையை இயங்குதளத்தின் அடைவு (கோப்புறை) மரத்தில் ஓரிடத்தில் சேர்த்து, அதிலுள்ள கோப்புகளைத் திறக்க வழிசெய்வது. இதன் எதிர்ச்செயல் அன்மவுண்ட். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கட்டளையில் நடுவில் இருக்கும் ‘ன்’ விழுந்து ‘யூமவுண்ட்’ ஆகிவிட்டது. தமிழில் நான் பரிந்துரைப்பது: பொருத்து, எதிர்ச்செயலுக்கு விடுவி.

சேலத்தில் கல்லூரி மாணவர்கள் ப்ராஜெக்ட் பிரிண்ட் போடும் கடை எதிலாவது அரை மணி நேரம் நின்றால், மவுண்ட் என்ற சொல் ஒருமுறைகூடக் காதில் விழாது. “அண்ணா, பென்டிரைவ் எடுக்குதா பாருங்க”, “காலேஜ்ல காட்டுச்சுங்க, இங்க காட்ட மாட்டேங்குது”, “புடுங்கிக்கலாமுங்களா?” இவ்வளவுதான். ‘எடுக்குது’ என்றால், சொருகியதைக் கணினி ஏற்றுக்கொண்டது என்று பொருள். பெரும்பாலானோர் பழகியது விண்டோஸில். அங்கே பென்டிரைவுக்கு ஓர் எழுத்து கிடைக்கும், அந்த எழுத்தைத் திறந்தால் கோப்பு இருக்கும். லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக் போன்ற யூனிக்ஸ் வழி வந்தவற்றில் தனித்தனி எழுத்து கிடையாது. எல்லாமே ஒரே மரம். புதிதாக வருவது அந்த மரத்தில் எங்காவது சேர்ந்தாக வேண்டும். அந்தச் சேர்ப்புக்குத்தான் மவுண்ட் என்று பெயர்.

லத்தீனில் ‘மோன்ஸ்’ என்றால் மலை. அதன் வழியே பழைய பிரெஞ்சில் ‘மோந்தே’ என்ற வினை வந்தது. மேலே ஏறு என்று பொருள். அது ஆங்கிலத்துக்குப் போனபோது குதிரை ஏறுவது, படி ஏறுவது, ஒரு பொருளைத் தூக்கித் தாங்கியில் வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன. மலை என்ற பெயர்ச்சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நமக்கு அது புதிதில்லை. பரங்கிமலைக்குப் போகும் சாலை என்பதால்தான் சென்னையின் அண்ணா சாலைக்கு மவுண்ட் ரோடு என்று பெயர் இருந்தது.

கணினிக்கு இந்தச் சொல் வந்தது உடல் உழைப்பிலிருந்து. காந்த நாடாச் சுருளையும் வட்டுப் பொதியையும் ஆள் தூக்கிக்கொண்டு வந்து இயக்கியின் (டிரைவின்) தண்டில் மாட்டிய காலம் அது. ஆபரேட்டர் மாட்டி முடித்த பிறகு, ‘மாட்டியாச்சு’ என்று கணினிக்கும் சொல்ல வேண்டியிருந்தது. 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டிலேயே மவுண்ட் கட்டளை இருக்கிறது. கழற்றக்கூடிய கோப்பு முறைமை ஒன்று இன்ன கருவியில் இருக்கிறது என்று கணினிக்கு அறிவிப்பதே அதன் வேலை. கையால் செய்வதற்கு இருந்த பெயரையே அதன் அறிவிப்புக்கும் வைத்துவிட்டார்கள்.

யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1974-இல் யூனிக்ஸ் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கழற்றக்கூடிய கோப்பு முறைமைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. பெல் ஆய்வகத்தில் அவர்களிடம் இருந்தது பிடிபி-11/45 கணினி. அதன் நிலையான வட்டில் 1 மெகாபைட். மரத்தின் வேர் அதில்தான் இருந்தது. பயனர்களின் கோப்புகளெல்லாம் பெரிய இயக்கியில். கணினி தொடங்கும்போது அதுவே மவுண்ட் ஆகிவிடும். மீதி நான்கு சின்ன இயக்கிகளில் பயனர்கள் தங்கள் சொந்த வட்டுகளைக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 2.5 மெகாபைட். ஆக, சொந்த வட்டைக் கையோடு கொண்டுவந்து கணினியில் போடும் வழக்கம் யூனிக்ஸுக்குத் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. ஆய்வகத்துக்குள் இருந்த சிலருக்கு அது எளிதாகவும் இருந்தது. வெளியே இருப்பவர்களுக்கு அது எளிதாகத்தான் முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

மவுண்ட் செய்தால் உள்ளே என்ன ஆகிறது என்பதை அதே கட்டுரை ஒரு வரியில் சொல்லிவிடுகிறது: மரத்தின் ஓர் இலை இருந்த இடத்தில் முழுக் கிளைமரம் ஒன்று வந்து உட்காருகிறது. சேலத்து மாங்கன்று நர்சரியில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நாட்டு மாஞ்செடியின் தலையைச் சீவிவிட்டு மல்கோவாக் குச்சியை வைத்துக் கட்டுகிறார்கள். வெட்டிய இடத்துக்கு மேலே வருவதெல்லாம் மல்கோவா. ஒட்டு என்ற சொல்லையே மவுண்டுக்கு வைத்துவிடலாமா என்று நானும் ஆசையோடு யோசித்துப் பார்த்தேன். ஆனால் ஒட்டுப் பிடித்த கிளையைத் திரும்பக் கழற்ற முடியாது, பென்டிரைவைக் கழற்றியே ஆக வேண்டும். இன்னொன்று, மவுண்ட் செய்யும் அடைவில் ஏற்கெனவே ஏதாவது கோப்பு இருந்தால் அது அழிவதில்லை. பென்டிரைவ் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிட்டு, விடுவித்ததும் மீண்டும் தெரியும்.

சரி, இவ்வளவு பழைய, இவ்வளவு எளிய வேலையைச் செய்ய நிர்வாகிக்கு மட்டுமே ஏன் உரிமை கொடுத்தார்கள்? இதில் ஒரு நியாயம் இருக்கிறது. யூனிக்ஸில் ஒரு நிரலை யார் இயக்கினாலும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும்படி ஒரு குறி வைக்கலாம். செட்யுஐடி என்பது அதுதான். வீட்டுக் கணினியில் உட்கார்ந்து, நிர்வாகிக்குச் சொந்தமானதாக ஒரு நிரலைச் செய்து, அந்தக் குறியையும் வைத்துப் பென்டிரைவில் கொண்டுவந்தால், கல்லூரிக் கணினி முழுவதும் கைக்கு வந்துவிடும். அதனால்தான் பயனர் சொருகும் பென்டிரைவை ‘நோஎஸ்யுஐடி’, ‘நோடெவ்’ என்ற இரண்டு கட்டுப்பாடுகளோடு பொருத்துகிறார்கள். முதலாவது அந்தக் குறியை மதிக்காது. இரண்டாவது, வன்வட்டு போன்ற கருவிகளைக் குறிக்கும் கருவிக் கோப்புகள் பென்டிரைவில் இருந்தால் அவற்றைக் கருவியாக ஏற்காது. இந்தக் கேள்வியில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் நிர்வாகி ஒரு அமைப்பை மாற்றினால் சாதாரணப் பயனர், தனக்குச் சொந்தமான அடைவில் மவுண்ட் செய்துகொள்ளலாம். அதன் உறவுக்கார இயங்குதளமான ஓபன்பிஎஸ்டி அதே வசதியை 2016-இல், 6.0 பதிப்பில், அடியோடு எடுத்துவிட்டது.

லினக்ஸில் முதலில் கிடைத்த சலுகை, எதை எங்கே பொருத்துவது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ‘யூசர்’ என்று ஒரு சொல் சேர்ப்பது. அந்த வரியை எழுதத் தெரிந்தவருக்கு அந்தச் சலுகையே தேவைப்படாது. தேவைப்பட்டவருக்கு எழுதத் தெரியாது. 2004-இல் அடைவு அமைப்புக்கான தரநிலை, கழற்றக்கூடியவற்றுக்கென்று ‘மீடியா’ என்ற அடைவைத் தனியாக ஒதுக்கியது. அதே காலத்தில், சொருகியதை உடனே கண்டறிந்து மேசைத்தளத்துக்கு (டெஸ்க்டாப்புக்கு) சொல்லும் ஹால் என்ற அடுக்கு வந்தது. அதன் இடத்தில் இப்போது யுடிஸ்க்ஸ் இருக்கிறது. போல்கிட் என்பது யாருக்கு அனுமதி என்று பார்க்கும். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் பென்டிரைவைச் சொருகினால் கடவுச்சொல் கேட்பதில்லை. உள்ளே இருக்கும் வன்வட்டைத் தொட்டால் கேட்கும். கணினியின் எதிரில் இருக்கிறவருக்குக் கூடுதல் உரிமை என்ற இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. யுஎஸ்பி துளைக்குக் கை நீட்டக்கூடியவர் அவர்தானே.

ஆக, பொருத்துவது தானாக நடக்கத் தொடங்கிவிட்டது. கஷ்டமெல்லாம் இப்போது கழற்றுவதில்தான்.

ஏற்காட்டில் ஒரு கணினி மையம். எல்லாக் கணினியிலும் லினக்ஸ். காபித் தோட்டக் கணக்கு பார்க்கும் அம்மா ஒருவர், கூலிப் பட்டியலையும் ரசீதுகளை ஸ்கேன் செய்த படங்களையும் பென்டிரைவுக்கு நகலெடுக்கிறார். நகலெடுப்பைத் திரையில் காட்டும் பச்சைக் கம்பி ஓடி முடிந்து மறைகிறது. பென்டிரைவின் குட்டி விளக்கு மட்டும் இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. “அக்கா, இருங்க, லைட்டு நிக்கட்டும்” என்று மையத்துப் பையன் சொல்வதற்குள் பிடுங்கிக் கைப்பையில் போட்டுவிட்டார். கீழே போகிற பஸ் கிளம்புகிற நேரம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்து அலுவலகத்தில் திறந்தால், கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு 0.

அவர்மேல் குற்றமில்லை. நகலெடுக்கும்போது லினக்ஸ் கோப்பை முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொள்கிறது. நினைவகம் வேகமானது என்பதால் கம்பி சட்டென்று நிறைந்துவிடும். பென்டிரைவுக்கு எழுதும் வேலை பின்னால் மெதுவாக நடக்கும். இயல்பான அமைப்பில், மாற்றப்பட்ட தரவு நினைவகத்தில் 30 விநாடி வரை எழுதப்படாமல் காத்திருக்கலாம். எழுதத் தொடங்கிய பிறகும், பெரிய கோப்பும் மெதுவான பென்டிரைவும் சேர்ந்தால் நிமிடக்கணக்கில் ஆகும். கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் வட்டில் வேறு வேறு இடங்களில் எழுதப்படுவதால், பெயர் போய்ச் சேர்ந்து உள்ளடக்கம் சேராமல் நின்றுவிடும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் பென்டிரைவுக்கு இப்படித் தேக்கி வைக்காமல் எழுதுவதே இயல்பான அமைப்பு. அங்கே பழகிய கை, கம்பி மறைந்ததும் பிடுங்கத்தான் செய்யும். லினக்ஸிலும் ஒவ்வொன்றையும் உடனுக்குடன் எழுதும்படி அமைக்கலாம். ஆனால் வேகம் படுத்துவிடும், பென்டிரைவின் ஆயுளும் குறையும். ஃபேட் என்ற கோப்பு முறைமை உள்ள பென்டிரைவுகளை யுடிஸ்க்ஸ் ‘ஃப்ளஷ்’ என்ற நடுவழியில் பொருத்துகிறது. தேக்கியதைச் சீக்கிரம் வெளியே தள்ளப் பார்க்கும். பெரிய கோப்புக்கு அதுவும் போதாது.

எனவே பொதுப் பயனருக்கு மவுண்ட் என்பதைவிட அன்மவுண்ட் என்ற சொல்லே முக்கியம். தேக்கி வைத்ததை எழுதி முடித்து, திறந்திருக்கும் கோப்பு எதுவும் இல்லை என்று பார்த்து, மரத்திலிருந்து பிரித்து, ‘இனி உன் கையில்’ என்று கொடுப்பது அது. தமிழ்ச் சொல் இந்த முழுச் செயலையும் சொல்ல வேண்டும்.

இப்போது சொற்களைப் பார்ப்போம். மவுண்டுக்கு ‘ஏற்று’ என்பதைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். வேர் வழியில் பார்த்தால் நேர்மையான சொல். அங்கே மலை ஏறுவதிலிருந்து வந்தது, இங்கேயும் ஏறு, ஏற்று. தண்டில் வட்டை மாட்டிய 1971-க்கு மிகச் சரியாகவும் பொருந்தும். ஆனால் இணையத்தில் எல்லோரும் எழுதும் பதிவேற்று, பதிவிறக்கு என்ற இரண்டும் ஏற்று, இறக்கு என்பவற்றைப் பிடித்துக்கொண்டுவிட்டன. பென்டிரைவ் படத்தின் மேல் ‘ஏற்று’ என்று இருந்தால், அதற்குள் எதையோ அனுப்பப்போகிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘பதி’ நல்ல சொல். சேலத்து வெள்ளிப் பட்டறைகளில் கொலுசில் கல் பதிக்கிறார்கள், ஆங்கிலத்திலும் கல்லுக்கு இதே மவுண்ட்தான். என்றாலும் பதித்தது அங்கேயே இருக்கும், கழன்றால் குறை. ‘பூட்டு’ என்றால் வண்டியும் ஏரும் நினைவுக்கு வரும், ஆனால் திரையில் அது லாக் ஆகிவிட்டது. ‘இணை’ என்பதை இணையம், இணைப்பு, மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பு என்று எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

‘பொருத்து’ என்பதில் இந்தச் சிக்கல் இல்லை. பல்பு பொருத்துவோம், சக்கரம் பொருத்துவோம். பொருத்தியதைக் கழற்றவும் செய்வோம். மவுண்ட் பாயிண்டுக்குப் பொருத்திடம், ஆட்டோமவுண்டுக்குத் தானே பொருத்துதல் என்று கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன.

எதிர்ச்செயலில்தான் பெரிய ஆபத்து. ‘பாதுகாப்பாக நீக்கு’ என்று மொழிபெயர்த்தால், தமிழ் இடைமுகங்களில் ‘நீக்கு’ ஏற்கெனவே டெலிட். கல்யாண வீடியோ இருக்கும் பென்டிரைவின் மேல் ‘நீக்கு’ என்று எழுதி வைத்தால் யார் அழுத்துவார்கள்? பயந்துபோய்க் கையால் பிடுங்குவார்கள், எது நடக்கக் கூடாதோ அதுவே நடக்கும். ‘வெளியேற்று’ என்பது சிடி தட்டு வெளியே வந்த காலத்துக்குச் சரி. பென்டிரைவ் வெளியேறாது, நாம்தான் எடுக்க வேண்டும். ‘கழற்று’ கையின் வேலை, கணினியின் வேலை இல்லை. கணினி செய்வது பிடியை விடுவது. ஆகவே ‘விடுவி’. அதுவரை கணினி பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ரிமூவபிள் ஸ்டோரேஜ் என்பதற்கும் நீக்கத்தக்க சேமிப்பகம் என்று எழுத வேண்டாம். கழற்றக்கூடிய சேமிப்பகம் என்றால் போதும்.

பொத்தான் தமிழானால் மட்டும் போதாது, செய்திகளும் தமிழாக வேண்டும். விடுவிக்கும்போது வரும் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்பதை ‘இலக்கு மும்முரமாக உள்ளது’ என்று பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. “இந்தப் பென்டிரைவில் உள்ள ஒரு கோப்பை வீடியோ பிளேயர் திறந்து வைத்திருக்கிறது. அதை மூடிவிட்டு மறுபடி விடுவியுங்கள்” என்று எந்த மென்பொருள் என்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது “இன்னும் எழுதி முடியவில்லை, எடுக்காதீர்கள்”. முடிந்ததும் “இப்போது எடுக்கலாம்”. கடைசிச் செய்தியில் எடு என்ற சொல் வருவது நல்லது, மக்கள் பேசுவது அதைத்தான்.

பெயரிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பெயர் வைக்காத பென்டிரைவை லினக்ஸ் ஏதோ எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடாகக் காட்டும். இரண்டு பென்டிரைவ் சொருகினால் எது யாருடையது என்று தெரியாது. எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையில் பெயருக்கு 11 யூனிகோடு இடங்கள் உண்டு. தமிழில் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனி இடம் போகும் என்றாலும், ‘ஏற்காடு’ என்று எழுத 7 போதும்.

கைப்பேசியைச் சொருகும்போது மட்டும் கணக்கு வேறு. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசி தன் வட்டைக் கணினிக்குக் கொடுப்பதில்லை. எம்டிபி என்ற நெறிமுறை வழியாக, கேட்ட கோப்பை மட்டும் எடுத்துத் தருகிறது. வட்டின் கோப்பு முறைமை கைப்பேசியின் பொறுப்பிலேயே இருக்கிறது. மேசைத்தளம் அதையும் பென்டிரைவ் போலவே ஒரு கோப்புறையாகக் காட்டுவதால், அங்கும் பொருத்து, விடுவி என்றே எழுதலாம். படம் நகலாகிக்கொண்டிருக்கும்போது சொருகியதை உருவக் கூடாது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.