ஒரே நாள்ல பவளத்த கொல்ற சேறு

கடலுக்கு அடியில எங்க பாத்தாலும் மண்ணு தான, அதுக்கு நடுவுல தான பவளம் காலங்காலமா வளருது, அப்புறம் ஆத்துல இருந்து சேறு வந்தா மட்டும் ஏன் சாகுதுன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, ஏன்னா சுத்தமான மணல் கொஞ்சம் மேல விழுந்தா பவளம் நெஜமாவே சமாளிச்சுடும்.

தண்ணி கலங்குனா வெளிச்சம் கொறையும், பவளத்தோட தசைக்குள்ள இருக்குற பாசியால ஒளிச்சேர்க்கை பண்ண முடியாது, சாப்பாடு கொறஞ்சிடும். ஆனா அதனால உடனே உயிர் போகாது. மேல விழுற மணல கோழை சுரந்து ஒட்டவச்சு, குட்டிக்குட்டி மயிரிழைங்களால தள்ளிவிட்டுடும். காளான் பவளம்னு ஒண்ணு ஒடம்ப ஊதி ஊதி மணலுக்கு அடியில இருந்தே வெளிய வந்துடும், பாக்கவே அவ்ளோ அழகு.

அப்போ கொல்றது எது? ஜெர்மனி மேக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனத்து மிரியம் வெபரும் அவங்க குழுவும் ஆஸ்திரேலியாவோட பெரிய பவளத்திட்டான கிரேட் பேரியர் ரீஃப் பவளங்கள வச்சு இத தேடிப்போய் 2012ல முடிவ வெளியிட்டாங்க. வெவ்வேற சேத்த பவளத்து மேல போட்டு, ரொம்ப மெல்லிசான சென்சார சேத்துக்குள்ள எறக்கி அடியில என்ன நடக்குதுன்னு அளந்தாங்க. சேத்துல மக்குன எல, செத்த பாசி மாதிரி உயிர்ப்பொருள் வெறும் 1 சதவீதம் இருந்தாலே போதும். பாக்டீரியா அத திங்க ஆரம்பிச்சு ஆக்சிஜன உறிஞ்சிடுது, இருட்டுல பாசியாலயும் புதுசா ஆக்சிஜன் தர முடியல, கூடவே அமிலத்தன்மை ஏறுது, மூச்சு முட்டி தசையில ஒரு சின்ன எடம் சாகுது. இனிமே தான் எனக்கு ரொம்ப பிடிச்ச கட்டம். செத்த அந்த தசையே பாக்டீரியாவுக்கு அடுத்த வேள சாப்பாடு, அத சிதைக்கும்போது அழுகுன முட்ட நாத்தம் அடிக்குற ஹைட்ரஜன் சல்ஃபைடு வருது, அது பக்கத்துல உயிரோட இருக்குற தசைக்கு பரவி அதையும் கொல்லுது, அதுவும் சாப்பாடாகுது. இப்படியே போய் 24 மணி நேரத்துல சேறு மூடுன பவளம் முடிஞ்சிடுது. ஆரம்பத்துல ஹைட்ரஜன் சல்ஃபைடு தான் முதல் கொலையாளின்னு அவங்களே சந்தேகப்பட்டாங்க, அளந்து பாத்தப்புறம் தான் ஆக்சிஜன் பஞ்சமும் அமிலமும் ஆரம்பிச்சு வைக்குது, ஹைட்ரஜன் சல்ஃபைடு அப்புறம் வந்து வேகத்த கூட்டுதுன்னு புரிஞ்சது.

இந்த சேறு எங்க இருந்து வருதுன்னா, அங்க பர்டெகின் ஆறு பெரிய காரணம். 1870 வாக்குல ஐரோப்பியர்கள் குடியேறி மாடு மேய்க்க ஆரம்பிச்சப்புறம் வண்டல் 5ல இருந்து 10 மடங்கு கூடியிருக்குன்னு ஆத்து வண்டலோட வந்து பவளத்து எலும்புக்கூட்டுல படிஞ்ச பேரியம்ங்குற உலோகத்த வச்சு கண்டுபிடிச்சிருக்காங்க.

நம்ம மன்னார் வளைகுடாவுலயும் 21 தீவ சுத்தி பவளம் இருக்கு. ஒடஞ்ச பவளத்த எடுத்து நட்டு வளக்குறது நல்ல வேல தான், நான் வேணாம்னு சொல்லல, ஆனா கரையில இருந்து சாக்கடையும் சேறும் எறங்குறத தடுக்காம நடுறதுக்கு மட்டும் காசு போடுறது சரியில்லன்னு தான் நான் நெனைக்குறேன். நடுறதுக்கு முன்னாடி அந்த எடத்து சேத்துல உயிர்ப்பொருள் எத்தன சதவீதம்னு அளந்துடணும், அதுக்கு ஆகுற செலவு ரொம்ப கம்மி தான்.