மீஸ் முதல் கரூர் வரை: கூடைப்பந்தை ஆள்வது யார்?

கோடையில் கரூரிலோ கோவையிலோ அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி பார்க்க உட்கார்ந்தால், பக்கத்தில் யாராவது ஒருவர் "ஏனுங்ணா, என்.பி.ஏ.ல இதுக்கு ஊதியிருப்பாங்களே" என்பார். வளையத்தில் பட்டு மேலே துள்ளிய பந்தை, தடுப்பவர் தட்டிவிட்டிருப்பார். ரெஃபரி பேசாமல் இருந்திருப்பார். ரெஃபரி செய்தது சரிதான். எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால் அதை யாரும் தட்டிவிடலாம் என்பது ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதி. வளையத்துக்கு நேர் மேலே இருக்கும்வரை தொடக்கூடாது என்பது என்.பி.ஏ. விதி. என்.பி.ஏ. வட அமெரிக்காவின் தனியார் லீக் மட்டுமே. உலகக் கூடைப்பந்தின் மேல் அதற்கு எந்த அதிகாரமும் கிடையாது.

அந்த அதிகாரம் இருப்பது ஃபிபாவிடம். 1932 ஜூனில் ஜெனீவாவில் எட்டு நாடுகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. இன்று 212 தேசியச் சங்கங்கள், ஐந்து மண்டலங்கள். தலைமையகம் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் மீஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே முடிவாகும் விதி, இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு, மாநிலச் சங்கம், மாவட்டச் சங்கம் என்று படிப்படியாக இறங்கி நம் ஊர் கோர்ட்டுக்கு வருகிறது.

2010 அக்டோபரில் அமலான மாற்றம் அப்படி இறங்கியதுதான். வளையத்துக்குக் கீழே சரிவகமாக இருந்த பகுதி 4.90 மீட்டர் அகலமும் 5.80 மீட்டர் நீளமும் உள்ள செவ்வகம் ஆனது. மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குப் போனது. புதிதாகக் கோடு போடுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: டேப்பைப் போர்டுக்கு நேர் கீழே வைத்துவிடுவார்கள். வைக்க வேண்டியது வளையத்தின் நடுவுக்கு நேர் கீழே, அதாவது வளையத்துக்குப் பின்னால் இருக்கும் எல்லைக் கோட்டின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டரில். போர்டின் முகப்பு 1.20 மீட்டரில் முடிந்துவிடும். அங்கிருந்து அளந்தால் வளைவு 37.5 சென்டிமீட்டர் பின்தங்கிப்போகும். 6.75 என்பது கோட்டின் வெளிவிளிம்புவரை, 5 செ.மீ. பெயிண்ட் அதற்குள் அடங்க வேண்டும். பக்கவாட்டில் எல்லைக் கோட்டிலிருந்து 90 செ.மீ. விட்டு நேர்கோடு. அதனால்தான் மூலையில் தூரம் 6.60 மட்டும்.

ஒரு நாட்டுக்கு ஒரே சங்கம் என்பதில் ஃபிபா கறார். ஜப்பானில் இரண்டு லீக்குகள் முட்டிக்கொண்டு தனித்தனியாக நடந்தன. ஒன்று சேருங்கள் என்று சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. 2014 நவம்பரில் ஜப்பான் சங்கத்தையே இடைநீக்கம் செய்தார்கள். நாட்டு அணிகளுக்கே ஆபத்து என்றதும் எல்லாரும் இறங்கிவந்தார்கள். 2015ல் தடை நீங்கியது, 2016ல் ஒரே லீக் தொடங்கியது. அதே 2015ல் இந்தியாவிலும் இரு கோஷ்டிகள் தனித்தனியாகத் தேர்தல் நடத்தி, நாங்கள்தான் கூட்டமைப்பு என்றன. ஃபிபா ஒன்றை மட்டுமே ஏற்றுக்கொண்டது.

உலகக் கோப்பையில் 32 அணிகள்: ஐரோப்பாவுக்கு 12, ஆசியாவுக்கும் ஓசியானியாவுக்கும் சேர்த்து 8, அமெரிக்கக் கண்டங்களுக்கு 7, ஆப்பிரிக்காவுக்கு 5. 2017 நவம்பரிலிருந்து தகுதிச் சுற்று 'விண்டோ' முறையில் நடக்கிறது. ஆறு விண்டோ, ஒவ்வொன்றிலும் சில நாட்களுக்குள் இரண்டு ஆட்டம். ஒவ்வோர் எதிரியோடும் சொந்த ஊரில் ஒருமுறை, எதிரி ஊரில் ஒருமுறை. ஆறில் நான்கு விண்டோக்கள் நவம்பர், பிப்ரவரி மாதங்களில் விழுகின்றன. அப்போது என்.பி.ஏ. சீசன் உச்சத்தில் இருக்கும். ஃபிபாவின் பிடிக்குள் இல்லாத யூரோலீக்கும் (ஐரோப்பாவின் பெரிய கிளப் லீக்) ஆட்டக்காரர்களை விடாமல் இருந்தது உண்டு. நட்சத்திரங்கள் அந்த லீக்குகளில் ஆடும் நாடு இரண்டாம் வரிசை அணியோடு ஆட வேண்டியதுதான்.

தோற்பதைவிட வராமல் இருப்பது பெரிய குற்றம். 2022 பிப்ரவரியில் கொரோனா காரணமாகத் தென்கொரியா மணிலாவுக்குப் போகவில்லை. தகுதிச் சுற்றிலிருந்தே நீக்கப்பட்டது. அந்தப் பிரிவில் நான்கு ஆட்டங்களிலும் தோற்றிருந்த இந்தியா அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது! அதை முன்னேற்றம் என்று எழுதியவர்களும் உண்டு.

பதினாறு வயதுக்குமேல் குடியுரிமை பெற்றவர் ஓர் அணியில் ஒருவர் மட்டும் ஆடலாம். ஜப்பான் அந்த இடத்தில் அமெரிக்காவில் பிறந்த ஜோஷ் ஹாக்கின்சனை வைத்து, 2023 உலகக் கோப்பையில் ஆசியாவின் சிறந்த அணியாகி பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடியாகப் போனது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. வெளிநாட்டு பாஸ்போர்ட்டைத் துறந்துவிட்டு வர எத்தனை பேர் முன்வருவார்கள்? இந்தியா ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஆடியது 1980 மாஸ்கோவில் மட்டுமே.

இந்தப் படிகளையெல்லாம் தாண்டிச் செல்ல ஒரு குறுக்குவழி உண்டு: அரை கோர்ட்டில் மூன்றுக்கு மூன்றாக ஆடும் 3x3. பத்து நிமிடம், அல்லது யார் முதலில் 21 எடுக்கிறார்களோ அதுவரை. பந்தை 12 விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். இதில் தரவரிசை ஆளுக்கு ஆள். நாட்டின் இடம் அதன் முன்னணி ஆட்டக்காரர்களின் புள்ளிகளைக் கூட்டி வருகிறது. உடுமலையில் நடத்தும் போட்டியையும் ஃபிபாவின் 3x3 தளத்தில் பதிவுசெய்யலாம். ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரில் கணக்குத் தொடங்கியிருக்க வேண்டும். முடிவுகளை நடத்துகிறவர்கள் ஏற்ற வேண்டும். கடந்த 12 மாதங்களில் ஒருவருடைய சிறந்த ஒன்பது போட்டிகள் கணக்கில் சேரும். கோப்பை கொடுத்து, போட்டோ எடுத்து, முடிவை ஏற்ற மறந்துவிட்டால் யாருக்கும் புள்ளி கிடையாது. பாஸ்வேர்டு மறந்து இன்னொரு கணக்குத் தொடங்கிய பையனுக்குப் புள்ளிகள் இரண்டு பெயரில் சிதறிக் கிடக்கும். போட்டி அன்று காலையில், ஆட்டம் தொடங்குமுன் டேபிளில் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கையும் சரிபார்ப்பதுதான் இதற்கு வழி.