தடுமாறும் ரோபோவை ஏன் பிடித்துப்போகிறது?

விருந்தாளி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “போயிட்டு வரேன்” என்கிறார். வழியனுப்ப நின்ற ரோபோ கேட்கிறது: “எத்தனை மணிக்கு வருவீர்கள்?”

இலக்கணப்படி அந்தக் கேள்வியில் பிழையே இல்லை. நாம்தான் ‘போகிறேன்’ என்று சொல்லக் கூசி, திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். யாரும் கற்றுக்கொடுக்காமலே பழகிய இந்த வழக்கம், அது தெரியாத ஒருவர் முன்னால்தான் கண்ணுக்குப் படுகிறது. கூச்ச சுபாவமுள்ள ரோபோவை வைத்து எழுதும் நகைச்சுவைக் கதைகளின் முதல் பலம் இது.

பேச்சின் நேரக் கணக்கு இன்னும் வியப்பானது. 10 மொழிகளில் கேள்வி பதில்களை அளந்து 2009இல் வெளியான ஆய்வில், ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லி நொடி. ஆனால் ஒரே ஒரு சொல்லைச் சொல்லத் தயாராகவே மூளைக்கு ஏறத்தாழ 600 மில்லி நொடி ஆகும். அப்படியானால், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே, எங்கே முடிப்பார் என்று ஊகித்து நம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம்! குரல் கருவிகள் பலவும் அப்படி ஊகிப்பதில்லை. மௌனம் வரும்வரை காத்திருந்து, பேச்சு முடிந்ததை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே பதிலைத் தேடுகின்றன. அந்தச் சிறு தாமதம் நமக்குத் தயக்கமாகவும் சங்கடமாகவும் கேட்கிறது.

சரி, தடுமாறுகிறவர் மீது எரிச்சல்தானே வர வேண்டும்? பாசம் ஏன் வருகிறது?

1966இல் எலியட் அரோன்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் மாணவர்களுக்கு ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். வினாடி வினாவில் 92 விழுக்காடு சரியாகச் சொன்னவர், கடைசியில் தன் மேல் காபியைக் கொட்டிக்கொண்டதும் கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. 30 விழுக்காடு மட்டும் சரியாகச் சொன்னவர் அதே காபியைக் கொட்டியபோது, அவர் மீதிருந்த விருப்பம் குறைந்தது. திறமைசாலியின் சறுக்கல் மட்டுமே அவரை நம் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கிறது.

ரோபோவுக்கும் இது ஓரளவு பொருந்துகிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனையில், ஒரு சிறிய ரோபோ மனிதர்களோடு பேசி, லெகோ கட்டைகளை அடுக்கச் சொன்னது. சிலரிடம் வேண்டுமென்றே பிழை செய்யும்படி அதை அமைத்திருந்தார்கள். பிழை செய்த ரோபோவையே மக்களுக்கு அதிகம் பிடித்தது. அதன் அறிவுக்குப் போட்ட மதிப்பெண்ணும் குறிப்பிடும்படி குறையவில்லை.

இவற்றோடு கதை இன்னொன்றையும் சேர்க்கிறது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரியது அதுதான்: ரோபோவின் மனக்குரல். வெளியே அசையாத முகம். உள்ளே ‘இப்போது கையை எங்கே வைப்பது?’ என்ற பதற்றம். கல்யாண வீட்டில் தெரியாதவர்கள் நடுவே நின்றவர்களுக்கும், வீடு திரும்பியபின் ‘அப்படிச் சொல்லியிருக்கலாமே’ என்று புரண்டு படுத்தவர்களுக்கும் அந்தக் குரல் தங்களுடையதாகவே கேட்கும்.

திறமைசாலியின் சறுக்கல்தான் பிடிக்கும் என்பதால், நல்ல எழுத்தாளர் திறமை முதலில், தடுமாற்றம் பிறகு என்ற வரிசையைக் கவனிக்கிறார். முதலில் இடிந்து விழும் சுவரை ரோபோ ஒற்றைக் கையால் தாங்கி ஒருவரைக் காப்பாற்றும். தூசி அடங்கியதும் அவர் கண்கலங்கி நன்றி சொல்வார். 200 மில்லி நொடியில் வர வேண்டிய பதில், 3 நொடியாகியும் வராது. பிறகு, அவர் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி அது சொல்லும்: “சுவரின் எடை 412 கிலோ.”